மாமியின் ஸலவாத்தும் மஞ்சள் கோடும்

எங்கள் ஊரில் ரோட்டைக் கடக்க ஆட்டோ பிடிப்பார்கள். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் நான் பகிடி விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். நான் வழமையாகப் பகிடி விடுகிறவன்தான். ஆனால் இது பகிடி இல்லை. அந்த ஆட்டோவை ஓட்டியவனே நான்.

ஊரை நடுவால் பிளந்துகொண்டு போகிறது மெயின் ரோடு. கிழக்கே கடற்கரைப் பக்கம், மேற்கே வயல் பக்கம். ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்த காலத்தில் மாடுகள் அதன் நடுவில் படுத்து அசைபோட்டன. பஸ்காரர் இறங்கிவந்து கெஞ்சினால்தான் எழும்பும். பிறகு அகலமாக்கி வழுவழுவென்று காபட் தார் போட்டார்கள். அன்றிலிருந்து கல்முனைப் பஸ்களும் அக்கரைப்பற்றுப் பஸ்களும் ஒன்றையொன்று முந்துவதற்கு எங்கள் சின்ன ஒழுங்கை ரோட்டில் ஏறும் முனையைத்தான் தேர்ந்தெடுத்துக்கொண்டன. மாடுகள் புத்திசாலிகள். கடற்கரைக்குக் குடிபெயர்ந்துவிட்டன. மனிதர்கள்தான் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டோம்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் ஓ.எல். வரை படித்தவன். வரை என்றால், பரீட்சை மண்டபத்தின் வாசல் வரை. உள்ளே போனபோது கணக்குத் தாளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டுப் பிரிந்துவிட்டோம். அதற்குப் பிறகு ஆட்டோ. அதற்குப் பிறகு கல்யாணம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் ஒரு பேக்கோடு போய் அங்கே இறங்கவேண்டும். நான் பேக்கோடும் ஆட்டோவோடும் போய் இறங்கினேன். அந்த வீட்டில் மனைவியைவிட முக்கியமான ஒருவர் இருந்தார். மாமி. மாமிமார் மருமகன் முகத்துக்கு நேரே நின்று கதைப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. வெட்கம், மரியாதை இரண்டும் கலந்தது. கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வதுபோல எனக்குச் சொல்வார். மகள் வீட்டில் இல்லாவிட்டால் பூனையிடம் சொல்வார்.

"பூன, சோறு ஆறுது. திங்கிற ஆக்கள் ஒழும்பி வந்தா நல்லம்."

நானும் பூனையைப் பார்த்தே பதில் சொல்வேன்.

"பூன, கறி என்னண்டு கேளு."

மாமியின் தங்கச்சி வீடு ரோட்டுக்கு நேர் எதிரே, வயல் பக்கம். இங்கே இருமினால் அங்கே கேட்கும். முன்பெல்லாம் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு நடந்தே போவாராம். காபட் வந்த பிறகு கால் வைக்க ஏலாது. எனவே தினமும் நான்தான் ஆட்டோவில் ஏற்றி எதிர்ப்பக்கம் இறக்கவேண்டும். பின்னால் இருக்கிற மாமியின் முகம் தெரியக்கூடாது என்று நான் கண்ணாடியைத் திருப்பிவைப்பேன். கண்ணாடியைத் திருப்பினால் பின்னால் வருகிற பஸ்ஸும் தெரியாது. ஆகவே இருவரும் ஒரே நேரத்தில் பிஸ்மி சொல்லுவோம். அந்த ஆட்டோவுக்குள் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

இறக்கிவிட்டு, பொழுதுபடுகிற மஃரிபுக்கு முன் திருப்பிக் கூட்டிவர நான் வாசலில் நிற்பேன். உள்ளே இருவரும் கதைப்பது கேட்கும்.

"மருமகன் எப்பிடிகா?" என்று தங்கச்சி, அதாவது என் மனைவியின் சாச்சி, கேட்பார்.

"தங்கமான புள்ள!" என்று மாமி வாசல்வரை கேட்கும்படி சொல்வார். பிறகு ஒரு பெருமூச்சு. தங்கமான பிள்ளைக்கு ஏன் இவ்வளவு பெரிய பெருமூச்சு என்று எனக்கு விளங்கவில்லை. மனைவிதான் விளங்கப்படுத்தினாள்.

"இஞ்சப் பாருங்க, உம்மாக்கு ஒரே ஒரு ஆசதான். தனிய நடந்துபோய் சாச்சியோட ஆற அமர இருந்து உங்களப் பத்திக் கதைக்கணும். நீங்க வாசல்ல நிண்டா எப்பிடிக் கதைக்கிற?"

"என்னப் பத்திக் கதைக்க என்ன இரிக்கி?"

"கொஞ்சமா இரிக்கி?"

பகிடியாகத்தான் கேட்டுக்கொண்டேன். ஆனால் ஒருநாள் நான் சம்மாந்துறைக்கு ஆள் ஏற்றி ஹயர் போயிருந்த நேரம் மாமி யாருக்கும் சொல்லாமல் தனியாகக் கிளம்பியிருக்கிறார். ஒழுங்கை முனையில் குடையோடு நின்றிருக்கிறார். ஒரு பஸ் போனால் ஒரு லொறி, லொறி போனால் மோட்டார் சைக்கிள். ஒரு காலை வைப்பது, எடுப்பது. நின்று நின்று, மஃரிப் பாங்கு சொன்னதும் திரும்பி வந்துவிட்டார். அன்றிரவு பூனையிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்குப் பகிடியாக இருக்கவில்லை.

அந்த நாட்களில்தான் ஊரில் ஒரு செய்தி பரவியது. எங்கள் பகுதி ரோட்டில் ஒரேயொரு மஞ்சள் கோடு போடப் போகிறார்கள். பாதசாரிகள் கடக்கும் இடம். இப்போதெல்லாம் வெள்ளைப் பெயின்றில்தான் அடிக்கிறார்கள், ஆனாலும் எங்களுக்கு அது மஞ்சள் கோடுதான். எங்கே போடுவது என்பதற்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். சந்தியில் பெரிய புடவைக்கடை வைத்திருக்கும் ஹாஜியார், தன் கடை வாசலில்தான் போடவேண்டும் என்றார். மற்றவர்கள் தத்தம் வாசலைச் சொன்னார்கள். கத்திய கத்தலில் மின்விசிறி ஓடுவது கேட்கவில்லை. புதிதாக மாற்றலாகி வந்திருந்த அதிகாரி மேசையில் தட்டினார்.

"சத்தம் கூடின ஆளுக்கெல்லாம் கோடு தர ஏலா. எங்க ஆக்கள் கடக்கிறாங்க எண்டு கணக்குக் கொண்டு வாங்க. கணக்கு செல்ற இடத்துலதான் கோடு."

கணக்கு எடுக்கக் கெம்பஸிலிருந்து, அதாவது பல்கலைக்கழகத்திலிருந்து, ஒரு மிஸ் வந்தார். சொந்த ஊர் கண்டிப் பக்கம். நிதானமாகப் படித்த தமிழில் கதைப்பார். ஆச்சரியம் வந்தால் மட்டும் "எனத்தியன்!" என்று கண்டி வெளியே குதிக்கும். சந்திக்கு ஒரு கெம்பஸ் மாணவனைப் போட்டார். எங்கள் ஒழுங்கை முனைக்கு ஊர் ஆள் ஒருவன் தேவைப்பட்டது. பகலில் எனக்கு ஹயர் குறைவு. கணக்குப் பாடத்தில் என் சரித்திரத்தை மிஸ் விசாரிக்கவில்லை.

விரலில் மோதிரம்போல மாட்டுகிற ஒரு சின்ன மெஷினைக் கையில் தந்தார். ஒரு ஆள் கடந்தால் ஒரு அமத்து. ஒரு இலக்கம் கூடும். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. உம்றாவுக்குப் போய்வருகிறவர்கள் பேரீச்சம்பழத்தோடு வீடுவீடாகப் பங்குவைக்கிற தஸ்பீஹ் மெஷின்தான் அது. மணிகளை உருட்டுவதற்குப் பதிலாக, நபியின் மேல் ஸலவாத்து ஓத ஓத அமத்திக்கொண்டு போவார்கள்.

"நடந்து கடக்கிற ஆக்கள மட்டும் எண்ணுங்க தம்பி. வாகனத்துல போறவங்க வேணாம்."

"இப்ப ஒரு ஆடு கடந்திச்சி மிஸ். நடந்துதான் கடந்திச்சி. அமத்தவா?"

"ஆட்டுக்கும் சேர்த்துத்தான் கோடு. ஆனா எண்ண வேணாம்."

வாகை மரத்தடியில் ஆட்டோவை விட்டு, அதில் சாய்ந்து உட்கார்ந்தேன். எண்ண ஆளில்லை. ஒரு மீன்காரர் கடந்தார். ட்யூஷனுக்குப் போகிற பொடியன்கள் ஓடினார்கள். அவ்வளவுதான். விரலில் மெஷின், கண் ரோட்டில், வாயில் ஒரு பாட்டு முணுமுணுப்பு. அந்தக் கோலத்தில் என்னைக் கண்டவர்கள் வேறு மாதிரி விளங்கிக்கொண்டார்கள் என்பது பகல் சோற்றில்தான் தெரிந்தது. பாரை மீனின் நடுத்துண்டு என் சோற்றுக் கோப்பையில் கிடந்தது. அந்த வீட்டில் எனக்கு வழமையாக வருவது வால்.

சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பூன, கேட்டியா? ரோட்டு ஓரத்துல இருந்து ஒரு ஆள் காலையிலருந்து திக்ர் எடுக்கிறாராம். அல்லாஹ் யாருக்கு எப்ப நல்ல வழியக் காட்டுவான் எண்டு தெரியாதுகா."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மீனைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் நடுத்துண்டின் முன்னால் இருந்துகொண்டு உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அடுத்த நாள் பொரித்த முட்டையும் சேர்ந்தது. தின்றுவிட்டு, மெஷினைக் குளிர்சாதனப் பெட்டியின் மேலே கழற்றிவைத்துவிட்டுக் கொஞ்சம் சரிந்தேன். எழும்பி, முகத்தைக் கழுவி, மெஷினை விரலில் மாட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். அதில் என்ன இலக்கம் நிற்கிறது என்று பார்க்கவில்லை.

அஸர் நேரம் மிஸ் வந்து மெஷினை வாங்கிப் பார்த்தார்.

"எனத்தியன்!"

"என்ன மிஸ்?"

"தம்பி, இது ஆட்களா?"

எட்டிப் பார்த்தேன். காலையில் ஒற்றை இலக்கத்தில் நின்றது. இப்போது அந்தச் சின்னக் கண்ணாடியில் இலக்கங்களுக்கு இடம் போதாமல் நெருக்கிக்கொண்டு நின்றன.

"ஓம் மிஸ். ஆக்கள்தான்."

"நேத்து இங்க கடந்தவங்கள ஒரு ஆட்டோவுல ஏத்தலாம். இண்டைக்கு இவ்வளவா? இந்த ஒழுங்கையில இத்தின பேர் இருக்கிறாங்களா?"

"நிந்தவூர்லருந்தும் வந்து கடந்திருப்பாங்க மிஸ். நல்ல ரோடுதானே."

மிஸ் சிரிக்கவில்லை. மெஷினின் பக்கத்திலிருந்த பட்டனை அமத்தி எல்லாவற்றையும் பூச்சியமாக்கினார். "பிழையான கணக்கைவிடக் கணக்கு இல்லாதது நல்லம்" என்றார். எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. மெஷின் பழுதோ என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒழுங்கைக்குள்ளிருந்து குடையோடு மாமி வந்தார். தங்கச்சி வீட்டுக்குப் போகும் நேரம்.

மாமி என்னைப் பார்க்கவில்லை. நேரே மிஸ்ஸிடம் போனார். கதைப்பதற்குப் பூனையைவிட நல்ல ஆள் கிடைத்த சந்தோஷம் குரலில் தெரிந்தது.

"மகள், இந்த ஆட்டோக்காரர்ட்ட ஒரு சொல்லுச் செல்லுங்க. அந்தத் தஸ்பீஹ் மெசினுக்குள்ள நான் லுஹருக்குப் பொறகு ஓதின ஸலவாத்து இரிக்கி. அவர் நித்திர கொண்ட நேரம் எடுத்து ஓதின. அத அழிச்சிராம பக்குவமா வெக்கச் செல்லுங்க."

மிஸ் மெஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பூச்சியத்தைப் பார்த்தார்.

"உம்மா... அது... இப்பதான் நான் அழிச்சிட்டன்."

"அழிச்சிட்டீங்களா? என்ட ஸலவாத்தயா?"

மாமியின் குடை சரிந்தது. கெம்பஸில் படித்த எந்தப் பாடத்திலும் இதற்குப் பதில் இருந்திருக்காது. நான்தான் ஆட்டோவின் சீட்டைப் பார்த்து மெதுவாகச் சொன்னேன்.

"மெசினுல அழிஞ்சா என்ன. நன்ம எழுதுற மலக்குமாருட்ட வேற கொப்பி இரிக்குந்தானே."

மாமி கொஞ்சம் யோசித்தார். பிறகு மிஸ்ஸைப் பார்த்துத் தலையாட்டினார். "அதும் சரிதான். அவங்க அழிக்க மாட்டாங்க."

மிஸ் அப்போதுதான் சிரித்தார். சிரித்து, கண்ணைத் துடைத்து, மாமி ஆட்டோவில் ஏறப்போவதைக் கண்டு கேட்டார்.

"எங்க உம்மா போறீங்க?"

"அந்தா, தங்கச்சிட ஊட்ட."

குடை எதிர் வீட்டு வாசலின் நீல நிறக் கேற்றைக் காட்டியது.

"அங்கயா? அதுக்கா ஆட்டோ? நடந்தே போகலாமே?"

"நடந்தா தங்கச்சிட ஊட்ட போய்ச் சேர மாட்டன் மகள். மையவாடிக்குத்தான் போவன்."

"அப்ப எப்பிடித்தான் ரோட்டக் கடக்கிற?"

"பிஸ்மி சொல்லித்தான்."

மிஸ்ஸின் கையிலிருந்த தாளில் அந்தக் கேள்வி ஏற்கனவே இருந்தது. 'நீங்கள் வீதியை எவ்வாறு கடக்கிறீர்கள்?' கீழே கட்டங்கள். நடந்து, சைக்கிளில், வேறு. பிஸ்மிக்குக் கட்டம் இல்லை. மிஸ் பேனையைத் திறந்தபடியே நின்றார். ரோட்டைப் பார்த்தார். என் ஆட்டோவைப் பார்த்தார். பஸ் ஒன்று எங்கள் முகத்தில் தூசியை அடித்துவிட்டுப் போனது.

"தம்பி, இப்பிடி இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஏத்திக்கொண்டு போற ஆக்கள எண்ணினீங்களா?"

"வாகனத்துல போறவங்க வேணாமெண்டுதானே செல்லித் தந்தீங்க."

"முனை வரைக்கும் வந்து, நிண்டு பாத்துட்டுத் திரும்பிப் போறவங்கள?"

நான் வாயைத் திறக்கும்முன் ஆட்டோவுக்குள்ளிருந்து மாமியின் குரல் வந்தது.

"அவங்கள யாரும் எண்ண மாட்டாங்க மகள். திரும்பி வந்தா ஊட்டுல கூடச் செல்லுறல்ல."

மிஸ் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "நான் பிழையான ஆக்கள எண்ணியிருக்கிறன்" என்றார். அதைச் சொல்ல அவர் வெட்கப்படவில்லை. என் வகுப்பு மாஸ்டர்மார் ஒருவரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

மறுநாளிலிருந்து புதுக் கணக்கு. சந்தியிலும் எங்கள் முனையிலும் ஒரே மாதிரி, ஒரே நேரத்தில். நடந்து கடக்கிறவர்கள், ரோட்டைக் கடப்பதற்கென்றே ஆட்டோ பிடிக்கிறவர்கள், நின்று பார்த்துத் திரும்புகிறவர்கள், மூன்றையும் தனித்தனியாக எண்ணவேண்டும். எனக்கு மூன்று மெஷின்கள் கிடைத்தன; மிஸ்ஸும் பக்கத்தில் இருந்து எண்ணினார். மூன்று விரல்களில் மாட்டிக்கொண்டு நான் நடந்தபோது மாமி பூனையிடம், "வலியுல்லாஹ் ஆகப்போறார்போல" என்றார். இந்த முறை நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். கோப்பையில் மறுபடியும் வால்.

திரும்பிப் போகிறவர்களை எண்ணுவது லேசில்லை. ஒரு மூத்தம்மா மருந்துப் பையோடு முனையில் நின்றார். நிற்கிறார், நிற்கிறார்.

"மூத்தம்மா, திரும்பிப் போறீங்களா, யோசிக்கிறீங்களா?"

"உனக்கென்னடா அதுல?"

"ரெண்டுக்கும் வேற வேற பட்டன்."

"உன்ட பட்டன ஆத்துல போடு. என்னக் கொண்டுபோய் அந்தப் பக்கம் உடு."

அதுவும் ஒரு பட்டன்தான். அமத்தினேன்.

சந்தியில் வேறு கூத்து. கணக்கு எடுப்பது தெரிந்ததும் ஹாஜியார் தன் கடைச் சேல்ஸ்மன்களைத் தேத்தண்ணி வாங்க எதிர்க் கடைக்கு அனுப்பத் தொடங்கினார். அதே ஆட்கள், அதே ப்ளாஸ்க், போவதும் வருவதும். கடைசியில் மிஸ்ஸே அங்கே போய் ஒரு சேல்ஸ்மனைப் பிடித்தார்.

"உங்கட கடையில எல்லாருக்கும் இவ்வளவு தேத்தண்ணி விடாயா?"

"மிஸ், சத்தியமா எனக்குச் சீனி வருத்தம். நான் குடிக்கிறதே இல்ல. சும்மா தூக்கிக்கொண்டு நடக்கிறன்."

இரண்டாவது கூட்டத்துக்கு மிஸ் என்னையும் கூப்பிட்டார். நான் வெளுத்த சேர்ட் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தேன். மிஸ் கணக்கைச் சுவரில் படமாகக் காட்டினார். நடந்து கடக்கிறவர்களில் சந்திதான் கூட. ஆனால் அங்கே பஸ் நிற்கும், வாகனங்கள் ஏற்கனவே மெதுவாகத்தான் போகும். திரும்பிப் போகிறவர் அங்கே அபூர்வம். எங்கள் முனையில் நடப்பவர் சொற்பம். ஆட்டோவில் கடப்பவர்களும் திரும்பிப் போகிறவர்களும் சுவரை நிறைத்தார்கள்.

ஹாஜியார் எழும்பினார்.

"மிஸ், ஆக்கள் கடக்கிற இடத்துலதானே கோடு போடணும்? ஆளே கடக்காத இடத்துல கோடு போட்டு யாருக்குக் காட்டுற?"

"ஹாஜி, உங்கட கடையில வாங்கிட்டுப் போறவங்களமட்டுமா பாக்கிறீங்க? 'இந்த சைஸ் இல்லையா' எண்டு கேட்டுட்டு வெறுங்கையோட போறவங்கள?"

"அவங்களத்தான் மிஸ் கூடப் பாப்பன். அத வெச்சித்தானே பெருநாளைக்குச் சரக்கு எடுக்கிற."

"நானும் அதத்தான் செஞ்சன்."

ஹாஜியார் இருந்துவிட்டார். பிறகு பக்கத்து ஆளிடம், "இந்த மிஸ் கடை போட்டா நாம மூடவேண்டியதுதான்" என்றது எனக்குக் கேட்டது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க ஆட்டோ ஓடுறவர். கோடு வந்தா உங்கட ஹயர்தானே குறையும்? நீங்க எண்ணினத நம்பலாமா?"

"சேர், என்ட கைய நம்ப வேணாம். மிஸ்ஸும் பக்கத்துல இருந்துதான் எண்ணினவ. ஹயர் குறையுந்தான். ஆனா என்ட மாமி பின்சீட்டுல இருந்து உடுற பெருமூச்சுல என்ட பிடரி வேகுது. அதுக்கும் ஒரு முடிவு வேணும் சேர்."

மண்டபம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். சிரித்துவிட்டு அன்று ஒன்றும் முடிவு சொல்லவில்லை. அறிக்கையை மேலே அனுப்புகிறோம் என்றார். மேலே போன எதுவும் எங்கள் ஊரில் கீழே வந்து நான் கண்டதில்லை. எனவே மாமியிடம், அதாவது பூனையிடம், பெரிதாக நம்ப வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். பூனை நம்பவில்லை. மாமி நம்பினார். அஸருக்கு ஆட்டோவில் ஏறும் ஒவ்வொரு முறையும் முனையில் தலையை வெளியே நீட்டி ரோட்டின் தார் இன்னும் கறுப்பாகவே இருக்கிறதா என்று பார்ப்பார்.

நோன்பு முடிந்து சில கிழமைகளில், ஒரு காலையில், லொறியொன்றும் பெயின்ற் வாளிகளும் எங்கள் முனைக்கு வந்தன. கோடு அடித்த விதத்தில் ஒரு முனை நேரே லைட் போஸ்டில் போய் முட்டியது. அது கணக்கின் பிழை இல்லை, கயிறு பிடித்தவரின் பிழை. ஒழுங்கையே கூடிநின்று பார்த்தது. கோடு காய்ந்த பிறகும் ஒருவரும் கால் வைக்கவில்லை. புதுப்பாயில் யார் முதலில் இருப்பது என்பதுபோல எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள்.

அஸருக்குப் பிறகு மாமி வந்தார். கறுப்பு அபாயா, குடை. நான் வழமைபோல ஆட்டோவை ஸ்டார்ட் செய்து நின்றேன். மாமி ஆட்டோவைத் தாண்டிப் போய்க் கோட்டின் முனையில் நின்றார். தெற்கே இருந்து ஒரு நீண்ட பஸ் வந்துகொண்டிருந்தது. மாமி குடையை மடக்கி உயர்த்தினார். பிஸ்மி சொன்னேன். இந்த முறை நான்மட்டும்தான் சத்தமாகச் சொன்னேன்.

பஸ் முனகியது, குலுங்கியது, கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. பஸ் நின்றதைக் கண்டு மாமியே பயந்துவிட்டார். சாரதியைப் பார்த்து ஸலாம் சொன்னார். சாரதி பதில் ஸலாம் சொன்னார். பின்னால் நின்ற லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். மாமி அவனுக்கும் ஸலாம் சொன்னார். அவன் ஹோர்னை நிறுத்திவிட்டான். மாமி நடந்தார். ஓடவில்லை, நடந்தார். லைட் போஸ்டைச் சுற்றி மறுபக்கம் ஏறினார். இங்கே பெண்கள் கூக்குரலிட்டுச் சிரித்தார்கள்.

நான் ஆட்டோவைத் திருப்பினேன். மஃரிபுக்கு முன் கூட்டிவரவேண்டுமே என்ற பழக்கம். அந்த நீலக் கேற்றில் கைவைத்தபடி மாமி திரும்பிப் பார்த்தார். நடுவில் மகளும் இல்லை, பூனையும் இல்லை, மிஸ்ஸும் இல்லை. ரோடுதான் இருந்தது. அந்த ரோட்டுக்கு மேலால், என் முகத்தைப் பார்த்து, முதல்முறையாக எனக்கே நேராகச் சொன்னார்.

"மருமகன்! நிக்க வேணாம். நீங்க போங்க. எனக்கு வர நல்லாச் சொணங்கும்."

கேற் சாத்தப்பட்டது. உள்ளே கதிரை இழுக்கிற சத்தம் கேட்டது. பெருமூச்சு கேட்கவில்லை. நான் ஆட்டோவை எடுத்தேன், ஆனால் கொஞ்சம் மெதுவாகத்தான் எடுத்தேன். மாமியின் முதல் வசனம் மட்டும் காதில் விழுந்தது.

"இரிகா செல்றன், அந்த மனிசன் திங்கிற மீன் இரிக்கே..."